மூன்றாவது முடிச்சு

அன்று அந்த மாடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவியின் தம்பி, என்னோடு வேலை பார்ப்பவன். காவிரிப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டதால் எடமலைப்பட்டி புதூரிலிருந்து பாதி தூரம் ஒருவர் வண்டியிலும் மீதி தூரம் நடந்தும் வந்து சேர்ந்தவன். அந்த வீட்டு மாமி. மாமியின் மகள், சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர். ஐந்தாவது ஆள் லால்குடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தேர் பார்க்க வந்து, கடைசியில் எங்களுக்கு ஏணி பிடிக்கும்படி ஆகிவிட்ட ஒரு விவசாயி. கீழே வீதியில் நின்ற கூட்டத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஜில்லாவே இருந்தது என்று எழுத வேண்டும்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். எனக்கும் அங்கே ஏதாவது கிடைக்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது படிப்பை நிறுத்திய பிறகுதான். ஸ்ரீரங்கத்தில் ஒரு கேபிள் டிவிக்காரரிடம் வயர் இழுக்கச் சேர்ந்தேன். அன்றிலிருந்து இன்று வரை வயர்தான். வயருக்குள் ஓடுவது மட்டும் நடுவில் மாறிவிட்டது.

பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. திருவானைக்காவலில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன் நான். என் மனைவி இப்போதெல்லாம் தெருமுனையிலேயே நின்றுகொள்கிறாள், நான் போய் வரட்டும் என்று.

வடக்குச் சித்திரை வீதியில் வயர் வேலை செய்கிறவனுக்குச் சித்திரைத் தேர்தான் வருடத்துக்கு ஒரு முறை வரும் பரீட்சை. அத்தனை உயரமான தேர் போவதற்கு வீதியைக் குறுக்கே கடக்கும் ஒரு வயர்கூட மேலே இருக்கக் கூடாது. கரண்ட் வயரை லைன்மேன்கள் கழற்றுவார்கள். டிவி வயரை நாங்கள் கழற்றுவோம். முதல் நாள் சாயங்காலம் ஏணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், வயரை ஒரு பக்கமாக இழுத்து, மடித்து, முறுக்கி, மாடிக் கம்பியிலோ ஜன்னல் கம்பியிலோ நைலான் கயிற்றால் கட்டிவிட்டு வருவோம். எல்லோரும் ஒரு முடிச்சுப் போடுவார்கள். நான் இரண்டு போடுவேன். ஏனென்றால் எனக்கு ஒரு கனவு வரும். தேர் அசைந்து வருகிறது, வீதி முழுக்கத் துடைத்துவிட்டது போல் இருக்கிறது, ஒரே ஒரு வயர் மட்டும் அவிழ்ந்து குறுக்கே தொங்குகிறது, அது என்னுடைய வயர். இப்போதும் பங்குனி பிறந்துவிட்டால் அந்தக் கனவு வந்துவிடும்.

அந்தக் காலத்து டிவி வயர் முரட்டு வயர். செம்பு. பல்லால் தோலை உரிப்போம். மடக்கினாலும் முறுக்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தேர் போகும் வரை அரை நாள் எந்த வீட்டிலும் படம் வராது. யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு வீட்டுக்குள் யார் இருந்தார்கள்? எல்லோரும் வாசலில் நின்றார்கள். தேர் நிலைக்குப் போன பிறகு நாங்கள் வேலையை ஆரம்பிப்போம். வீதியெல்லாம் தேங்காய் ஓடும் வாழைப்பழத் தோலும் மிதிபட்டுக் கிடக்கும். ஒரு வீட்டில் நீர்மோர் கொடுப்பார்கள், அடுத்த வீட்டில் பானகம். குடித்துக் குடித்து ஏணியில் ஏறும்போது வயிற்றுக்குள் தண்ணீர் தளும்பும். நான் மேலே இருந்து வயரை ஜாயின்ட் போடுவேன். உள்ளே டிவியின் இரைச்சல் நின்று பேச்சு கேட்கும். அதோடு ஒரு குரலும் வெளியே வரும்: "வந்துடுத்து." ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு குரல். அந்த வார்த்தையைக் கேட்டால்தான் நான் ஏணியை நகர்த்துவேன். என் வாழ்க்கையில் யாராவது எனக்கு மார்க் போட்டார்கள் என்றால் அதுதான்.

பிறகு கண்ணாடி வயர் வந்தது. ஃபைபர். வாடிக்கையாளர்கள் எல்லோரும் கண்ணாடி வயர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். டிவி பார்ப்பது குறைந்து எல்லோரும் இன்டர்நெட் கேட்க ஆரம்பித்த சமயம். எங்களுக்கு லைன் கொடுக்கிற கம்பெனி, இனி இந்த வேலை தெரிந்தவன்தான் தாக்குப்பிடிப்பான் என்று சொல்லி மதுரை ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு வைத்தது. நானும் மச்சினனும் போனோம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் வகுப்பு எடுத்தார். சுவரில் நாட்டின் படம் போட்டுக் காட்டினார். படம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். மலையைக் குடைந்து போட்டாயிற்று, கடலுக்கு அடியில் போட்டாயிற்று, இனி நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் வேகமான இன்டர்நெட், மீதி இருப்பது கம்பத்திலிருந்து வீடு வரைக்குமான சின்னத் துண்டுதான், அதைச் செய்யப்போவது நீங்கள் என்றார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடுகள் இருந்தன, ஊர்கள் புள்ளியாக இருந்தன. வீடு ஒன்றுகூட இல்லை.

ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு முதல் தடவையாகக் கை தூக்கினேன். தேருக்கு என்ன செய்வது என்று கேட்டேன். எந்தத் தேர் என்றார் அவர். விவரம் சொன்னேன். வயரை மண்ணுக்குள் புதையுங்கள் என்றார். எங்கள் வீதியில் தோண்ட விடமாட்டார்கள் என்றேன். அது லோக்கல் பிரச்சினை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மச்சினன் என் தொடையில் கிள்ளினான்.

அடுத்த படத்தில் அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்தேன். கண்ணாடி வயருக்குள் ஓடுவது வெளிச்சம். டம்ளர் வாய் அளவுக்கும் குறுகலாக அதை வளைத்தால் வெளிச்சம் திரும்பாது, வழியிலேயே வெளியே கசிந்துவிடும். வயர் அறுந்திருக்காது, ஆனால் லைன் செத்துவிடும். இதை எழுதி அடிக்கோடும் போட்டேன். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாமியின் மகளுக்கு நான்தான் லைன் கொடுத்தேன். அவருடைய அப்பா போன பிறகு மாமி அந்த மாடியில் தனியாக இருந்தார். சென்னைக்கு வந்துவிடு என்று மகள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். காலையில் கோயில், சாயங்காலம் கோயில், நடுவில் அடுப்படியில் தளிகை என்று இருக்கும் மாமி எப்படிப் போவார்? அதனால் மகள் இங்கே வந்துவிட்டார். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அவருடைய கம்பெனி சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு. வேலை நேரத்தில் லைன் மூன்று முறை நின்றுபோனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும்.

முதல் முறை எலி கடித்தது. இரண்டாம் முறை கொள்ளிடம் பக்கத்தில் வைக்கோல் ஏற்றிப் போன லாரி வயரை இழுத்துக்கொண்டு போனது. இரண்டுக்கும் நான் மன்னிப்புக் கேட்டேன். எலிக்கும் சேர்த்துக் கேட்கிறீர்களே என்று மகள் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. இரண்டாம் முறை சரிசெய்துவிட்டு இறங்கும்போது மாமி படியில் என்னை நிறுத்தி மெதுவாகக் கேட்டார்.

"இன்னொரு வாட்டி போச்சுன்னா இவ கிளம்பிடுவா. உங்களுக்குத் தெரியுமோன்னோ?"

தெரியும் என்றேன். 

அப்புறம் தேர் வந்தது. எங்கள் ஜில்லாவுக்கு லீவு. சென்னைக் கம்பெனிக்கு ஏது லீவு? அதுவும் அன்று காலை பத்து மணிக்கு மகளுக்கு ஒரு முக்கியமான மீட்டிங். மேலதிகாரிகள் எல்லோரும் இருப்பார்கள், இவர்தான் பேச வேண்டும். எதிர்ச்சாரிக் கம்பத்திலிருந்து வீதியைக் கடந்து வரும் வயரைத் தேருக்காகக் கழற்றினால் லைன் நிற்கும். அதனால் ஐந்து நாள் முன்பாகவே நானும் மச்சினனும் அவருக்கு மட்டும் வேறு வழி போட்டோம். பின்பக்கச் சந்தில் இருக்கும் கம்பத்துப் பெட்டியிலிருந்து இரண்டு மொட்டை மாடிகளைத் தாண்டி, முன்பக்க பால்கனி வழியாக வீட்டுக்குள். பக்கத்து வீட்டுக்காரர் என் மாடியில் கண்டவனும் நடக்கக் கூடாது என்று மறித்தார். மாமி போய்ப் பேசினார். என்ன பேசினாரோ தெரியவில்லை, அந்த மனிதர் அடுத்த நாள் எங்களுக்குக் காபி கொடுத்தார். வீட்டை நெருங்கும்போது கறுப்பு வயர் தீர்ந்துவிட்டது. கடைசித் துண்டுக்கு வெள்ளை வயரைப் போட்டு, மீந்துபோன நீளத்தைப் பெரிய வளையமாக பால்கனியில் தொங்கவிட்டேன்.

தேருக்கு முதல் நாள் சாயங்காலம் தேர்ப்பாதையைப் பார்த்துக்கொண்டு வந்த கோயில் ஆட்கள் அந்த வளையத்தைக் காட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, கட்டுங்கள் என்றார்கள். கட்டினேன். இரண்டு முடிச்சு. உள்ளே போய் மோடத்தைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

விடியக்காலை அந்தக் கனவு வந்தது. எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்துவிட்டேன். எங்கே பார்த்தாலும் கிராமத்து ஜனம். சாக்கை விரித்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். முடிச்சு இரண்டும் அப்படியே இருந்தன. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வளையத்தை இன்னும் இரண்டு மடிப்பு மடித்து, இறுக்கி, மூன்றாவதாக ஒரு முடிச்சுப் போட்டேன். மகள் தூங்கிக்கொண்டிருந்ததால் மோடத்தைப் பார்க்க உள்ளே போகவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. படுக்கப் போகும் முன் வீட்டில் இருக்கும் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுவது மாமியின் வழக்கம்.

மணி ஒன்பது தாண்டியிருக்கும். நானும் மச்சினனும் வீதி முனையில் ஏணியோடு நின்றிருந்தோம். தேர் மேற்கு வீதியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. அழுக்கு வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"கேபிள் அண்ணன் நீங்கதானா? ஏணியோட ரெண்டு பேர் நிப்பாங்கன்னு அந்த மாமி சொன்னாங்க. தண்ணி கேக்கப் போனேன், ஆளைத் தேடிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. ஏதோ செவப்பு லைட்டு எரியுதாம்."

போன் செய்திருக்கலாமே என்று என் போனை எடுத்துப் பார்த்தேன். கோடெல்லாம் இருந்தது, ஒரு கால்கூடப் போகவில்லை. அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் தேரைப் படம்பிடித்து அனுப்பினால் டவர் என்ன செய்யும்? அதே காரணத்தால் மகளும் தன் போனை வைத்து மீட்டிங்கில் சேர முடியாமல் இருந்தார். எங்கள் வயரை விட்டால் வேறு வழி இல்லை.

நாங்கள் மாடிக்குப் போகும்போது ஒன்பதேகால். மகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  "ரெட் லைட் எரியறது அண்ணா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மச்சினனைப் பின்பக்கச் சந்துக்கு அனுப்பினேன். கம்பத்துப் பெட்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தவன், அங்கே வெளிச்சம் நன்றாக வருகிறது என்று கீழிருந்து கத்தினான். அப்படியானால் கோளாறு பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில். அந்த வீட்டில் மொட்டை மாடிக்குப் படி கிடையாது. ஏணியைச் சாத்தினோம், அந்த விவசாயி கேட்காமலே வந்து பிடித்துக்கொண்டார். மச்சினன் இரண்டு மாடியும் தவழாத குறையாக நடந்து வயரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். அறுபடவில்லை. குரங்கு கடித்திருக்குமோ என்று நான் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எதையாவது தூக்கி மேலே வைத்திருப்பாரோ என்று கேட்டேன். எலியோ என்றேன்.

"மாமா, யானை ஒண்ணைத்தான் இன்னும் நீங்க கேக்கல" என்றான் மேலிருந்து.

மணி ஒன்பது நாற்பது. தேர் வீதிக்குள் வந்துவிட்டது. ரங்கா ரங்கா என்ற சத்தம் சுவரிலேயே அதிர்ந்தது. மாமி உள்ளேயும் பால்கனியிலுமாக நடந்தார். வருடம் முழுக்கக் காத்திருந்த தேர் வாசலுக்கு வரப்போகிறது, உள்ளே மகள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் பக்கம் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "பெருமாள் வாசலுக்கு ஏளற நேரத்துல இப்படிச் சோதிக்கறாரே" என்று சொன்னது எங்களிடமா, பெருமாளிடமா என்று எனக்குப் புரியவில்லை.

என் மனம் அதற்குள் சென்னைக்குப் போய்விட்டது. மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜங்ஷனில் நிற்கிறார். மாமி இங்கே தனியாக ஸ்விட்சுகளை அணைத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இந்த வீதியில் வயர் இழுப்பேன்?

விவசாயிக்கு ஏணி வேலை முடிந்திருந்தது. தேர் பார்க்க பால்கனிக்கு வந்து நின்றவர், கம்பியில் கட்டியிருந்த வயரைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை யாருண்ணே கட்டுனது?"

நான்தான் என்றேன்.

"மாட்டைக்கூட நாங்க இப்படிக் கட்ட மாட்டோம். மூச்சு முட்டிச் செத்துரும்."

மச்சினன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நோட்டுப் பக்கமும் அதன் கீழ் நான் போட்ட அடிக்கோடும் கண்ணில் தெரிந்தன. டம்ளர் வாய். என் வளையம் அப்போது சுண்டுவிரல் நுழையாத அளவில் இருந்தது.

வேலைப் பையில் ஒரு லேசர் பேனா உண்டு. வயரின் ஒரு முனையில் அதைச் செருகினால் சிவப்பு வெளிச்சம் உள்ளே ஓடும், எங்கே கசிகிறதோ அங்கே வயர் சிவக்கும். உள்ளே போய் மோடத்திலிருந்து வயரை உருவி அந்தப் பேனாவைச் செருகிவிட்டு ஓடி வந்தேன். சித்திரை வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. விவசாயியின் தோளிலிருந்த துண்டை வாங்கி முடிச்சின் மேல் போட்டு, என் தலையையும் அதற்குள் நுழைத்துக்கொண்டேன். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர் மாதிரி இருந்திருக்கும். உள்ளே வியர்வை நாற்றம், இருட்டு. அந்த இருட்டில் என்னுடைய மூன்றாவது முடிச்சு நெருப்புக் கங்கு மாதிரி சிவந்திருந்தது. வெள்ளை வயர் என்பதால் நன்றாகத் தெரிந்தது. கறுப்பாக இருந்திருந்தால் இன்றைக்கும் தேடிக்கொண்டிருப்பேன்.

எலி இல்லை, லாரி இல்லை. விடியக்காலையில் எழுந்து வந்து நானே கட்டியது.

அவிழ்க்கப் பார்த்தேன். நைலான் கயிறு வெயிலில் இறுகியிருந்தது.  வெட்டலாம் என்றால் கத்தி வயரில் பட்டுவிடுமோ என்ற பயம். விவசாயி என்னை மெதுவாக நகர்த்தினார்.

"தள்ளுங்கண்ணே. வாழைத்தாரு கட்டுற கை இது."

ஒரு முடிச்சை நகத்தால் அவிழ்த்தார், மற்ற இரண்டைப் பல்லால். அவர் மூன்றாவதை அவிழ்க்கும்போதுதான் தேர் வீட்டுக்கு நேராக வந்தது. அவர் கயிற்றைப் பல்லில் கடித்தபடியே திரும்பி, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமி கைகூப்பினார். மச்சினன் மொட்டை மாடியிலிருந்து கும்பிட்டான். நான் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயரை இரண்டு கையிலும் ஏந்தி, மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன். அந்த வருடத் தேரை நான் பார்க்கவில்லை. அதன் நிழல் சுவரில் ஏறி எங்களைத் தாண்டிப் போனதை மட்டும் பார்த்தேன்.

வயரை அகலமாகச் சுருட்டித் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய் மோடத்தில் மாட்டினேன். சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கியது. எனக்கு அது மிக நீண்ட நேரமாகத் தெரிந்தது. பிறகு அணைந்து, பச்சை வந்தது.

"வந்துடுத்து" என்றார் மாமி.

எத்தனை வருடம் கழித்து அந்த வார்த்தையைக் கேட்டேன்! ஆனால் அப்போது அதை அனுபவிக்க முடியவில்லை. கடிகாரம் பத்து மணி நான்கு நிமிடம் காட்டியது. நான்கு நிமிடம் தாமதம். மகள் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த நான்கு நிமிடம் மூன்றாவது முறை என்று கணக்காகுமா, ஆகாதா? நாங்கள் நான்கு பேரும் பால்கனியில் தரையில் உட்கார்ந்திருந்தோம். மாமி பானகம் கொடுத்தார். மச்சினன் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். சிலிண்டரை மூடிவிட்டோமா என்று பார்க்க நான் பாதிக் கல்யாணத்திலிருந்து எழுந்து வந்த கதையை மாமியிடமும் விவசாயியிடமும் சொன்னான். கதவுக்குப் பின்னால் மகளின் குரல் மட்டும் ஏறி இறங்கிக் கேட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. குரல் நடுங்கவில்லை என்பது தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். அந்த நாலு நிமிஷம் என்னம்மா ஆச்சு என்று கேட்டேன்.

"அவாளே பத்து நிமிஷம் லேட்டாத்தான் ஆரம்பிச்சா அண்ணா."

மச்சினன் தரையில் படுத்துவிட்டான், சிரித்துச் சிரித்து. நானே முடிச்சுப் போட்டதை ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன். அவர் மாமியைப் பார்த்தார். மாமி என்னைப் பார்த்து, இனிமேல் விடியக்காலையில் இந்தப் பக்கம் வந்தால் வாசலோடு நிற்க வேண்டும் என்றார்.

விவசாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே எழுந்தார். அந்தச் சின்ன அறையையும் மேஜையையும் எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். அவருக்கும் ஒரு மகள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு முறை வருகிறாள், வந்த மறுநாளே கிளம்பிவிடுகிறாள்.

"இந்தப் பாப்பா மாதிரி எம்பொண்ணும் வீட்டுல இருந்தே பாக்கலாம்ல?"

லைன் இருந்தால் பார்க்கலாம் என்றேன்.

"வயரு எங்க ஊரு வழியாத்தான் போவுது. ரோட்டோரம் தோண்டிப் பொதைச்சப்ப நான்தான் அவங்களுக்குத் தண்ணி கொடுத்தேன். எங்க வீட்டுக்குள்ளதான் வரல."

பார்க்கிறேன் என்றேன். நான் பார்க்கிறேன் என்று சொன்னால் உண்மையிலேயே தூக்கம் கெட்டுப் பார்ப்பேன். அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. இடுப்புப் பையிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார். அட்வான்ஸ் என்றார். எங்கள் ஊருக்கு வந்தால் முதல் வீடு எங்களுடையதாக இருக்க வேண்டும் என்றார். நான் நோட்டை எடுத்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். பால்கனியிலிருந்து பார்த்தேன். எல்லாத் தோளிலும் துண்டு இருந்தது.

அடுத்த வாரம் வண்டியில் அவர் ஊருக்குப் போய் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் சொன்னது நிஜம். மெயின்ரோட்டு ஓரத்தில் வயர் புதைத்த அடையாளக் கல் இருந்தது, மண்டப வகுப்பில் பார்த்த படத்தின் ஏதோ ஒரு கோடு அந்தக் கல்லுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து அவர் வீடு ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் ஒரு வாய்க்கால். எங்களுக்கு லைன் கொடுக்கிற கம்பெனி ஆபீசில் கேட்டேன். அந்த வயர் வேறு ஆளுடையது, அதில் கை வைக்க முடியாது என்றார்கள். வேறொருவரைக் கேட்டேன். இத்தனை வீடு சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். வீடு சேர்த்துக்கொண்டு போனால் கம்பத்துக்கு அனுமதி வேண்டும் என்றார்கள். அந்த அனுமதிக்கு நான் முன்னால் போய் நிற்காத நாற்காலி இல்லை. சின்னத் துண்டு என்று மண்டபத்தில் வகுப்பு எடுத்தவர் சொன்னது இதைத்தான்.

மாமியும் மகளும் இன்றும் அதே மாடியில்தான் இருக்கிறார்கள். மூன்றாவது முறை என்ற ஒன்று வரவே இல்லை. ஒவ்வொரு தேருக்கும் நான் அங்கே போகிறேன், முடிச்சுப் போட அனுமதி இல்லை. மாமி ஒரு பழைய சல்லடையின் வட்டத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டச் சொல்லியிருக்கிறார். வயர் அதில் சுற்றிக் கிடக்கிறது.

அந்த விவசாயியும் ஒவ்வொரு தேருக்கும் வருகிறார். பால்கனிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "வந்துருச்சாண்ணே?" என்பார். இல்லை என்று கையசைப்பேன். இந்த வருடம் கீழே இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து அந்த ஐந்நூறு ரூபாய் நோட்டைத் திணித்தேன். இத்தனை வருடம் ஆகிவிட்டது, எனக்கு உறுத்துகிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவருடைய மகளுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது, இன்னும் சென்னையில்தான். அவர் நோட்டைப் பார்த்தார். மறுபடி என் சட்டைப் பையிலேயே வைத்துத் தட்டினார்.

"வச்சிருங்கண்ணே. இதை வாங்கிட்டா வரிசையில இருந்து எம்பேரை எடுத்துருவீங்க."

வரிசை என்று ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரூபாய் நோட்டு என் மேஜை டிராயரில், அந்த வகுப்பு நோட்டுக்குள், அடிக்கோடு போட்ட பக்கத்தில் இருக்கிறது. வெளியே கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பதோடு இப்போது அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி ஐந்நூறு ரூபாய்.